பூட்டிய வீடு, பிரிந்த தெரு

அகமதாபாத்தின் பழைய நகரத்துக்குத் திரும்பி வரும் வெளிநாட்டு குஜராத்திகளிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி: ‘வாங்குகிறவர் என்ன மதம்?’

ஜனவரி 14, உத்தராயண். நம் ஊரில் பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டுகிற நாட்களில், அகமதாபாத் மொத்தமும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறது. காடியா, ராய்ப்பூர் பகுதிகளின் குறுகிய சந்துகளில் அன்று ஆளே இருக்காது, எல்லாரும் மேலே. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. தட்டில் ஊந்தியூ, ஜிலேபி, எள் சிக்கி. நூல் அறுக்காமலிருக்க விரல்களில் பிளாஸ்டர் சுற்றியிருக்கும். எதிராளியின் காற்றாடி அறுந்தால் மாடிக்கு மாடி ‘காய் போ ச்சே!’ என்று கூச்சல்.

இந்த மாடிகளில் வெளிநாட்டிலிருந்து வந்த அறுபது வயதுக்காரர் ஒருவரை அநேகமாகப் பார்த்துவிடலாம். லண்டனோ லெஸ்டரோ நியூஜெர்சியோ, வந்த இடம் மாறும், காட்சி மாறாது. பேரப்பிள்ளைக்கு அவர் கை நீட்டிக் காட்டுவார். அதோ நான் படித்த பள்ளிக்கூடம், அதோ உன் பாட்டி தண்ணீர் இறைத்த வீடு, அதோ எங்கள் பட்டங்களை ஒட்டித் தந்தவர்களின் தெரு. கடைசியாகச் சொன்ன தெருவுக்கு இப்போது போக முடியுமா என்று பேரன் கேட்டால், பேச்சு பலகாரத்துக்கு மாறிவிடும்.

தலைக்கு மேல் பறக்கும் காற்றாடிகளில் பெரும்பகுதி ஜமால்பூர் போன்ற பகுதிகளின் முஸ்லிம் குடும்பங்கள் மூங்கில் சீவி, காகிதம் ஒட்டிச் செய்தவை. வாங்குவதும் விற்பதும் இன்றும் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பதுதான் நின்றுபோய்விட்டது. உத்தராயண் முடிந்து பெட்டி கட்டும் முன், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை ‘ஏதாவது செய்துவிட்டுப் போகலாம்’ என்று அந்தப் பெரியவர் சாவியை எடுக்கிறபோதுதான் இந்தக் கட்டுரையின் கதை தொடங்குகிறது.

ஒரு வாசல், பல வீடு

சபர்மதியின் கிழக்குக் கரையில் 1411-ல் சுல்தான் அகமது ஷா எழுப்பிய நகரம் இது. மதில் சூழ்ந்த அந்தப் பழைய நகரத்தின் உயிர்நாடி ‘போள்’ எனப்படும் குடியிருப்புகள். ஒரே வாசல், இரவில் சாத்தப்படும் கதவு, உள்ளே வளைந்து வளைந்து போகும் சந்து, அதன் இருபுறமும் தோள் உரசி நிற்கும் மர வீடுகள். முச்சந்தியில் புறாக்களுக்குத் தீனி போட ஒரு சபூத்ரோ. பல வீடுகளின் முற்றத்துக்கு அடியில் ‘டாங்கா’ என்ற மழைநீர்த் தொட்டி.

திரும்பி வருகிறவர்களின் நினைவில் எல்லாரும் ஒன்றாக வாழ்ந்த இடமாகவே போள் இருக்கிறது. அது பாதி உண்மை. ஒரு போளுக்குள் பெரும்பாலும் ஒரே சாதியினர், அல்லது ஒரே மதத்தினர்தான் குடியிருந்தார்கள். கலப்பு இருந்தது போளின் வாசலுக்கு வெளியே: கடைத்தெருவில், மில்லில், பள்ளிக்கூடத்தில், அடுத்தடுத்த சந்துகளின் முனையில். ஒரு சந்தில் இந்துக்கள், அடுத்த சந்தில் முஸ்லிம்கள், இரண்டும் சேரும் இடத்தில் பொதுவான பால்கடை. இன்று தொலைந்திருப்பது அந்த முனைதான்.

அறுபதுக்கும் மேற்பட்ட துணி மில்கள் ஓடிய ஊர் இது. காந்தியும் அனசூயா சாராபாயும் துணை நின்று 1920-ல் உருவான மில் தொழிலாளர் சங்கம் இரு மதத்தவரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தியது. மில் வேலை தேடிப் போன தமிழர்களும் மணிநகர் பக்கம் குடியேறினார்கள். 1980-களில் மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். ஷிப்டு சங்கு நின்றது. ஒரே வாசலில் நுழைந்து ஒரே வாசலில் வெளியேறிய பழக்கமும் அதோடு நின்றது.

பெட்டிச் செய்தி: பிரிந்த வழி

● 1969 – செப்டம்பர் கலவரம். நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி கமிஷன் கணக்குப்படி 660 பேர் பலி.
● 1973 – சபர்மதி வெள்ளம். வீடிழந்த இந்து, முஸ்லிம் ஏழைகள் ஜூஹாபுராவின் சங்கலித் நகரில் ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டனர்.
● 1985 – இடஒதுக்கீட்டு எதிர்ப்பில் தொடங்கிய போராட்டம் மதக் கலவரமாகத் திரும்பியது.
● 1986 – பதற்றப் பகுதிகளில் சொத்து விற்பனைக்கு முதல் கட்டுப்பாடு. 1991-ல் விரிவான சட்டம்.
● 2002 – கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் பலி. மாநிலமெங்கும் தொடர்ந்த வன்முறையில் இறந்தவர்கள், அரசுக் கணக்கில் 790 முஸ்லிம்கள், 254 இந்துக்கள்.
● 2008 – ஜூலை 26 தொடர் குண்டுவெடிப்பு. 56 பேர் பலி.
● 2017 – இந்தியாவின் முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்ற அறிவிப்பு.

‘பார்டர்’ தாண்டினால்...

ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் சிறுபான்மையாக இருந்த பக்கம் வீட்டைக் காலி செய்தது. தரியாபூர், ஷாபூர், ஜமால்பூர் சந்துகளிலிருந்து இந்துக் குடும்பங்கள் மூட்டை கட்டி ஆற்றைத் தாண்டின. பால்டி, நவரங்புரா போன்ற மேற்குக் கரைப் பகுதிகளிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் ஜூஹாபுராவுக்கு நகர்ந்தன. இரு பக்கமும் அச்சம் உண்மையானது. இரு பக்கமும் அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் உண்டு.

இன்று ஆட்டோக்காரர்கள் சர்வசாதாரணமாக ‘பார்டர்’ என்கிறார்கள். அவர்கள் சொல்வது நாட்டின் எல்லையை அல்ல, ஒரு சாலையை. ஜூஹாபுராவுக்கும் வேஜல்பூருக்கும் நடுவே சுவரே இருக்கிறது. வெள்ளத்தில் வீடிழந்த இரு மதத்தவரும் ஒன்றாக வாழட்டும் என்று தொடங்கிய இடம், இன்று நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் குடியிருப்புகளில் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அதை ‘மினி பாகிஸ்தான்’ என்கிறார்கள்.

காசும் பதவியும் இருந்தால் இந்தப் பிரிவினையிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்களுக்கு 2002 பதில் சொல்லிவிட்டது. அன்று பணியிலிருந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும், முஸ்லிம்கள் என்பதால் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்ததைத் தேசிய மனித உரிமை ஆணையம் பதிவு செய்தது. சமன்புராவின் குல்பர்க் சொசைட்டியில் முன்னாள் எம்.பி. எஹ்சான் ஜாஃப்ரி உட்பட 69 பேர் கொல்லப்பட்டார்கள். படித்த, வசதியான குடும்பங்கள் வாழ்ந்த அந்த வளாகத்தின் பெரும்பாலான வீடுகள் இன்றும் காலியாகவே கிடக்கின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று உயிர் தப்பியவர்கள் அங்கே கூடுகிறார்கள். 2025 பிப்ரவரியில் காலமான ஜாஃப்ரியின் மனைவி ஜக்கியாவும் அப்படி வந்துகொண்டிருந்தவர்தான்.

அந்த நாட்களில் பதினாறு வயதுப் பெண்ணாக அகமதாபாத் அடுக்குமாடி வீடொன்றில் அடைந்து கிடந்த ஸாரா சௌத்ரி, பிற்பாடு அமெரிக்காவில் குடியேறி 2024-ல் தன் நினைவுகளை ‘தி லக்கி ஒன்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். ஊரை விட்டுப் போனவர்களில் ஒரு சாரார் உத்தராயணுக்கு வருகிறார்கள். இன்னொரு சாராருக்கு ஊர் எழுத்தில் மட்டும் மிஞ்சுகிறது.

விற்கப் போனால்

இனி அந்தப் பெரியவரின் சாவிக்கு வருவோம். வீடு தாத்தா பெயரிலிருந்து இவருக்கு வந்தது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தாலும் பரம்பரை வீட்டை வைத்திருக்கவும் இந்தியாவில் வசிப்பவருக்கு விற்கவும் சட்டம் அனுமதிக்கிறது. தேக்குத் தூண்கள், செதுக்கிய ஜன்னல், பித்தளை மூடி போட்ட டாங்கா எல்லாம் அப்படியே இருக்கின்றன. மகனும் மகளும் திரும்பி வரப்போவதில்லை. யார் வாங்குவார்?

போளுக்குள் காரே நுழையாத வீட்டை வாங்க, மேற்குக் கரையில் லிப்ட் வைத்த பிளாட்டில் இருக்கும் சொந்த சாதிக்காரர் திரும்பி வரமாட்டார். வாங்கும் தேவையும் பணமும் உள்ளவர் பல நேரம் அடுத்த சந்துக்காரர்தான். குடும்பம் பெருகி இடம் போதாமல் தவிப்பவர். பக்கத்திலேயே கடை வைத்திருப்பவர். அவர் வேற்று மதத்தவராக இருந்தால்தான் சிக்கல்.

குஜராத்தின் பதற்றப் பகுதிகள் சட்டம், 1991-ன்படி, அறிவிக்கப்பட்ட பகுதியில் சொத்து கைமாற வேண்டுமானால் மாவட்ட கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். சுய விருப்பத்தோடு விற்கிறேன், நியாயமான விலை கிடைத்தது என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அகமதாபாத் மட்டுமல்ல, வதோதரா, சூரத், பருச், கோத்ரா என்று பல ஊர்களில் இது நடைமுறையில் இருக்கிறது. அறிவிக்கை காலாவதியாகும் முன் நீட்டிக்கப்படுகிறது. புதிய தெருக்கள் சேர்கின்றன.

சட்டம் பிறந்த காரணம் நியாயமானது. கலவர பயத்தில் ஓடுகிறவரை மிரட்டி வீட்டை எழுதி வாங்கும் அநியாயத்தைத் தடுக்க, 1980-களின் காங்கிரஸ் ஆட்சி இதன் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆனால் நடைமுறையில், கலெக்டர் அலுவலகத்திலிருந்து கோப்பு காவல் நிலையத்துக்குப் போகிறது. அக்கம்பக்கத்தாரிடம் வாக்குமூலம் வாங்கப்படுகிறது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மதம் என்றால் கோப்பு நகர்ந்துவிடும். வெவ்வேறு மதம் என்றால் தெருவில் யாரோ ஒருவர் மனுப் போட்டால் போதும், அங்கேயே படுத்துக்கொள்ளும்.

விடுமுறைக்கு வந்தவருக்கு ரிட்டர்ன் டிக்கெட் தேதி இருக்கிறது. கோப்புக்கு அது கிடையாது. கடைசியில் மூன்றில் ஒன்று நடக்கிறது. சொந்த மதத்துத் தரகர் கேட்கும் குறைந்த விலைக்கு விற்கிறார். கீழ்த்தளத்தைச் சரக்கு வைக்க கிடங்காக வாடகைக்கு விடுகிறார். அல்லது மறுபடியும் பூட்டிவிட்டு விமானம் ஏறுகிறார். யுனெஸ்கோ பாராட்டிய மரவீடுகள் மழைக்கு மழை இற்றுப்போவதில் இந்தப் பூட்டுக்கும் பங்கு உண்டு.

பெட்டிச் செய்தி: சட்டம் மாறிய விதம்

● பழைய தண்டனை: 6 மாதம் வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம்.
● 2019-ல் சட்டசபை நிறைவேற்றி, 2020-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற திருத்தம்: 3 முதல் 5 ஆண்டு சிறை, ரூ.1 லட்சம் அல்லது வழிகாட்டி மதிப்பில் 10 சதவிகிதம், எது அதிகமோ அது அபராதம்.
● ஒரு பகுதியில் ஒரு சமூகத்தினர் ‘முறையற்று’க் குவிவார்களா என்றும் கலெக்டர் பார்க்கலாம் என்று அதே திருத்தம் வழி செய்தது.
● 2021 ஜனவரியில், திருத்தப்பட்ட பிரிவுகளின் கீழ் புதிய அறிவிக்கை வெளியிட குஜராத் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம். வதோதராவில் இந்து ஒருவரின் கடையை முஸ்லிம் ஒருவர் வாங்குவதற்கு அதிகாரிகள் அனுமதி மறுத்தபோது, விற்பவரின் சம்மதமும் நியாய விலையும் மட்டுமே பார்க்கப்பட வேண்டும் என்று 2020-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அக்கம்பக்கத்தார் விடவில்லை. 2023-ல் அவர்களுடைய மனுவைத் தள்ளி, அபராதமும் போட்டது நீதிமன்றம். சட்டம் தெளிவாகிவிட்டது. ஆனால் ஒரு கடைக்காகப் பல ஆண்டு வழக்காட எத்தனை பேரால் முடியும்? வெளிநாட்டிலிருந்து வந்துபோகிறவரால் நிச்சயம் முடியாது.

அதே வதோதராவில், முதலமைச்சர் வீட்டுத் திட்டத்தில் 462 வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு 2017-ல் வீடு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது அரசு. எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் குடியிருப்புவாசிகள். ஏழு ஆண்டு கழித்து, 2024-லும் அந்த எதிர்ப்பு செய்தியாக ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொரு சாவி

திரும்பி வருபவர் முஸ்லிமாக இருந்தால் கதை வேறு. அவருக்குப் பூட்டிய வீடே பல நேரம் இல்லை. மேற்குக் கரையில் பிறந்த வீடு கைமாறியிருக்கும். உறவினர்கள் ஜூஹாபுராவின் அடுக்குமாடியில் இருப்பார்கள். கையில் டாலர் இருக்கிறது, மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் பக்கத்தில் ஒரு பிளாட் வாங்க ஆசை இருக்கிறது. பில்டர் இனிமையாகப் பேசிவிட்டு, பெயரைக் கேட்டதும் ‘எல்லாம் புக் ஆகிவிட்டது’ என்பார்.

இதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, தன் மனைகளைப் பார்சிகளுக்கு மட்டுமே விற்கலாம் என்று விதி வைத்திருந்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அருகிவரும் ஒரு சிறு சமூகத்தின் வழக்கில் வந்த தீர்ப்பு, எண்ணிக்கையில் பெரிய சமூகங்களும் கதவைச் சாத்திக்கொள்ள வசதியாகிவிட்டது.

விளைவு, சுவருக்குள்ளே நெரிசல். ஜூஹாபுராவில் இன்று வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த பள்ளிகள் உண்டு, மருத்துவமனைகள் உண்டு, சொகுசு பங்களாக்களும் உண்டு. ஆனால் பணக்காரரும் பரம ஏழையும் ஒரே பகுதிக்குள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் நிலத்தின் விலையை ஏற்றிவிடுகிறது. பல ஆண்டுகள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே கிடந்ததால் குடிநீரும் சாக்கடையும் தாமதமாகத்தான் வந்தன.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. சாம் ஆஷர், பால் நோவோசாட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நாடு முழுக்க 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு, நகர முஸ்லிம்களில் 26 சதவிகிதம் பேர் 80 சதவிகிதத்துக்கு மேல் முஸ்லிம்களே வாழும் பகுதிகளில் இருப்பதாகக் காட்டியது. அத்தகைய பகுதிகளில் அரசுப் பள்ளியும் மருத்துவ வசதியும் குறைவு. தனித்து வாழ்வதன் விலையைக் கடைசியில் குழந்தைகள் செலுத்துகிறார்கள்.

லெஸ்டரில் ஒரு நியாயம்...

இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கென்று ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது, ‘லெஸ்டருக்கு வராதீர்கள்’ என்று அந்த பிரிட்டிஷ் நகரக் கவுன்சில் உகாண்டா பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அப்படித் துரத்தப்பட்ட குஜராத்திகள் போனார்கள். வீடு வாங்கினார்கள். கடை போட்டார்கள். இன்று அந்த நகரத்தின் பெல்கிரேவ் சாலை தீபாவளி விளக்குகளுக்கு உலகப் புகழ் பெற்றது.

அவர்களைக் காப்பாற்றியது உழைப்பு மட்டுமல்ல, சட்டமும்தான். நிறத்தைப் பார்த்து வீடு மறுப்பதை 1968-லேயே பிரிட்டன் தடை செய்திருந்தது. மதத்தைப் பார்த்து மறுப்பதையும் இன்றைய சமத்துவச் சட்டம் அனுமதிக்காது. அமெரிக்காவில் 1968-ன் நியாய வீட்டுவசதிச் சட்டம் நிறம், இனத்தோடு மதத்தையும் சேர்த்தே தடுக்கிறது. அதாவது, நியூஜெர்சியில் குஜராத்தி ஒருவர் வீடு வாங்கும்போது அவருடைய மதத்தை விற்பவர் பொருட்படுத்தக் கூடாது. அதே மனிதர் அகமதாபாத்துக்கு வந்து விற்கும்போது, வாங்குபவரின் மதத்தைத் தெருவே விசாரிக்கிறது. இந்தியாவில் தனியார் வீட்டு விற்பனையில் மத பேதத்தைத் தடுக்கும் மத்திய சட்டம் இன்றுவரை இல்லை.

அயலூரில் கிடைத்த பாதுகாப்பை அனுபவித்தவர்கள் பிறந்த ஊரில் அதைக் கேட்டிருக்க வேண்டும். பலர் கேட்கவில்லை. மாறாக, ஊரின் பிளவு அவர்களைத் தொடர்ந்து கடல் தாண்டியது. 2022 ஆகஸ்டு 28 இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பிறகு, அதே லெஸ்டர் தெருக்களில் இந்து, முஸ்லிம் இளைஞர்கள் வாரக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். அவர்களில் பலரும் பிறந்தது பிரிட்டனில். வாட்ஸ்அப் வதந்திக்கு விசா தேவைப்படவில்லை.

இதே ஊரின் இன்னொரு கணக்கு

அகமதாபாத்தின் சரித்திரத்தில் வேறு வரவும் உண்டு. 1946 ஜூலை 1 அன்று ஜமால்பூரில் கலவரக் கும்பலைத் தடுக்க நின்ற இரு நண்பர்கள், வசந்தராவ் ஹெகிஷ்டேயும் ரஜப் அலி லகானியும், ஒன்றாகக் கொல்லப்பட்டார்கள். இருவரும் காங்கிரஸ் சேவாதளத் தொண்டர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் அவர்களை நினைவுகூர்கிறது. மாநகராட்சி 1997-ல் தொடங்கிய பாரம்பரிய நடைப்பயணம் இன்றும் காலுபூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடிகிறது. ஒரு காலை நடையில் கடந்துவிடக்கூடிய தூரம்தான் அது. சுற்றுலாப் பயணிக்கு அந்தத் தூரம் பிரச்னையே இல்லை. குடியிருக்க வருபவருக்குத்தான் பிரச்னை.

என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்வது எளிது. கலவரம் நடந்த மறுமாதம் மிரட்டி வாங்குபவர்களிடமிருந்து ஏழைகளைக் காக்க ஏதோ ஒரு தடுப்பு வேண்டும். அதற்குச் சம்மதமும் விலையும் சரிபார்க்கப்பட்டால் போதும். மதம் கேட்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றம் 2020-ல் சொன்னதும் அதுதான். பல்லாண்டுகள் கலவரமே நடக்காத தெருவைப் பதற்றப் பகுதிப் பட்டியலில் வைத்திருப்பதற்கு அரசு காரணம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கலெக்டர் முடிவெடுக்கக் கண்டிப்பான காலக்கெடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் மதமும் சாதியும் பார்ப்பதைத் தடுக்கும் மத்திய சட்டம் வேண்டும். ‘சைவம் மட்டும்’ என்று போர்டு மாட்டி வாடகைதாரரைச் சலிக்கும் சென்னை வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம்.

அரசு செய்வதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று, சாவி வைத்திருப்பவர்களின் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்பவருக்கு அக்கம்பக்கத்தாரின் கோபம் உள்ளூர்க்காரரைப் போல வயிற்றில் அடிக்காது. நியாயமான விலை தருபவருக்கு, யாராக இருந்தாலும், எழுதிக் கொடுக்கும் துணிச்சல் அவருக்கே முதலில் வர வேண்டும். லெஸ்டரிலும் நியூஜெர்சியிலும் தங்களுக்குக் கிடைத்த நீதியை ராய்ப்பூர் போளில் ஒருவருக்காவது அவர்கள் தரட்டும்.